நடுச் சுவரை 45 சென்டிமீட்டர் நகர்த்துங்கள்

எங்களுக்கான அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் நிறுவனத்தின் நிர்வாகத்தாருக்கும், வரைபடத்தில் கையெழுத்திட்டிருக்கும் கட்டடக் கலைஞருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை, ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து உங்களிடம் வீடு வாங்கும் குடும்பங்கள் எல்லாரும் கெடா மாநிலத்தின் பீடோங்கில் உள்ள உங்கள் விற்பனை அலுவலகத்துக்கு வந்திருந்தோம். வீட்டின் வரைபடத்தை மேசையில் விரித்து, கூடம், சமையலறை, மூன்று படுக்கையறை என்று உங்கள் அதிகாரி விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போனார். குளியலறைக்கு வந்தபோது நான் குனிந்து அளவைப் படித்தேன். ஒன்று 1.35 மீட்டருக்கு 1.5 மீட்டர். அதை ஒட்டினாற்போல இன்னொன்று, 1.4க்கு 1.5. "ரொம்பச் சின்னதாக இருக்கிறதே தம்பி, வயசானவர்கள் எப்படிப் புழங்குவார்கள்?" என்று கேட்டேன். "பிளான் லுலுஸ் ஆகிவிட்டது அங்கிள், இனிமேல் மாற்ற முடியாது" என்று, அங்கீகாரம் கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. வரைந்தவர் அவர் இல்லை. ஆனால் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. அடுத்த மாதக் கடைசியில் முதல் மாடிக்கு ஸ்லாப் ஊற்றப்போவதாக அதே கூட்டத்தில் சொன்னீர்கள். ஸ்லாப் ஊற்றிவிட்டால் கழிவுக் குழாய் எந்த இடத்தில் இறங்கும் என்பது கான்கிரீட்டில் முடிவாகிவிடும். அதற்கு முன்னால் இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நான் 27 வருடமாக டைல் போடுகிறவன். சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த், பினாங்குத் தீவு என்று வேலை எங்கே இருந்தாலும் போவேன். முதல் ஆறு வருடம் சிமெண்டு குழைத்துக் கொடுக்கும் கையாளாக இருந்தேன், அப்புறம்தான் கரண்டி கைக்கு வந்தது. மற்றவர்கள் வீட்டுக் குளியலறைகளில் முழங்கால் போட்டே பாதி ஆயுள் போயிருக்கிறது. எந்தக் குளியலறையில் குடித்தனக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள், எதை ஐந்து வருடத்தில் என்னைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்வார்கள் என்று வெறும் அளவைப் பார்த்தே ஓரளவு சொல்ல முடியும். உங்கள் வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு இரண்டாவது எண்ணம்தான் வந்தது.

நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் கடைசியில் ஒரு பீலி, அதாவது தண்ணீர்க் குழாய். பன்னிரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு பீலிதான் குளிக்க, துவைக்க, குடிக்க. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, முன்னால் ஆண்கள் குளித்து முடிக்க வேண்டும். பெண்கள் அதற்கும் முன்னால், இருட்டில், கைலியை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, இருவர் குளிக்க இருவர் காவல் நிற்க. கக்கூசு வரிசை அதற்கும் அந்தப் பக்கம், பால் மரங்களை ஒட்டி. மழைநாளில் வயிற்றுக் கடுப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா அந்த வரப்பில் டார்ச் லைட்டோடு ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1983இல் என் அக்கா பெரிய மனுஷி ஆனாள். அந்த வாரமே அப்பா பழைய தகரம் வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் நான்கு கம்பம் நட்டு ஒரு மறைப்புக் கட்டினார். தரைக்குக் கொஞ்சம் சிமெண்டு, தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால், மூலையில் தண்ணீர் நிரப்பி வைக்க ஒரு ட்ரம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவைத் தரையில் உட்காரச் சொல்லி, காலை நீட்டச் சொல்லி, கையை விரிக்கச் சொல்லி, அதை வைத்துக் கம்பம் நட்டார். ஆறடிக்கு ஐந்தடி. அந்தத் தகர மறைப்பில்தான் என் தங்கை, தம்பி, அக்காவின் பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்தார்கள். ஆறடிக்கு ஐந்தடி என்பது 2.8 சதுர மீட்டர் வரும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன்.

சட்டப்படி நீங்கள் தவறு செய்யவில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். 1984ஆம் ஆண்டின் மலேசியக் கட்டடத் துணைவிதிகளில் 43ஆவது விதி, கழிவறைக் கோப்பையோடு சேர்ந்த குளியலறை குறைந்தது 2 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் சின்னக் குளியலறை 2.025 சதுர மீட்டர். விதி கேட்பதைவிட எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து ஆறு அங்குல வெள்ளை டைல் ஒன்றின் அளவு, அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். இதற்குக் கீழே போனால் அனுமதி கிடைக்காது என்று அரசாங்கம் போட்ட கோட்டை நீங்கள் குடும்பத்துக்குப் போதுமான அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 2 சதுர மீட்டருக்குள் கோப்பை, கைகழுவும் தொட்டி, உள்பக்கம் திறக்கும் கதவு எல்லாவற்றையும் வைத்துவிட்டால் மனிதர் நிற்க மிஞ்சுவது முக்கால் மீட்டருக்கு முக்கால் மீட்டர்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தை விட்டு வந்த பிறகு நாங்கள் ஒரு பழைய ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அங்கேயும் குளியலறைக் கதவு உள்பக்கம்தான் திறக்கும். 2021 டிசம்பரில் ஒரு காலை, அம்மா உள்ளே வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு என் மனைவி ஓடிப் போய்த் தள்ளினாள். கதவு நான்கு விரல் அளவுதான் திறந்தது. கதவுக்குப் பின்னால் அம்மாவின் இடுப்பு. தள்ளத் தள்ள அவர் அலறுகிறார். தள்ளாமல் உள்ளே போக வழியில்லை. நான் பட்டர்வொர்த்தில் வேலையில் இருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பி நடைபாதைப் பக்கம் இருந்த நாக்கோ ஜன்னலின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அந்த இடுக்கு வழியாக உடம்பைக் குறுக்கி இறங்கி, அம்மாவைத் தூக்கி நகர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அம்மா ஈரத் தரையில், அரைகுறையாகச் சுற்றிய கைலியோடு கிடந்தார். இடுப்பு எலும்பு முறிவு. சுங்கை பட்டாணி பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். "விழுந்தது கூட வலிக்கவில்லைப்பா, அந்தப் பையன் என்னை அப்படிப் பார்த்துவிட்டானே" என்று இன்றைக்கும் சொல்வார்.

உங்கள் வரைபடத்திலும் இரண்டு கதவுகளும் உள்பக்கம்தான் திறக்கின்றன. கதவின் பலகையே 70 சென்டிமீட்டர். நிலை, கீல் எல்லாம் போக 60 சென்டிமீட்டர் சொச்சம் தேறும். அம்மாவின் வாக்கரை அளந்து பார்த்தேன், 58 சென்டிமீட்டர். நேராகப் பிடித்தால் நுழையும், கொஞ்சம் சாய்ந்தால் நிலையில் இடிக்கும். உள்ளே போன பிறகு அதைத் திருப்ப இடம் இல்லை. நுழைந்தது போலவே பின்பக்கமாக வெளியே வர வேண்டும்.

இதெல்லாம் ஒரு வீட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். வீடு வாங்கும் 48 குடும்பங்களில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் பால் வெட்டி, செம்பனைக் குலை தூக்கி, முழங்காலும் முதுகும் போன ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடையேதான் அதிகம். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். தரை ஈரமா காய்ந்ததா என்று கால் சொல்லாது. எங்கள் லயத்தில் மட்டும் காலின் விரல்களை எடுத்தவர்கள் மூன்று பேர், முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் ஒருவர். அவர்களுக்கும் இதே பளபளப்பான டைல்தான் போட்டுக் காட்டினீர்கள், மாதிரி வீட்டில். அழகாகத்தான் இருந்தது. நான் செருப்பைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தேன். கூடத்துக்குப் போடும் டைல் அது. குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான சின்ன டைல் போட வேண்டும். டைல் சின்னதானால் இணைப்புக் கோடுகள் அதிகம், கால் பிடிக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, போடுகிறவனுக்குத்தான் வேலை கூடுதல்.

சரி, இனி நான் நேரில் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

உங்கள் கூட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம், நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டின் கார் நிறுத்தும் இடத்தில் சாக்கட்டி எடுத்து உங்கள் குளியலறையை அதே அளவில் தரையில் வரைந்தேன். கோப்பைக்கு ஒரு நாற்காலி. கைகழுவும் தொட்டிக்கு ஒரு ஸ்டூல். கதவுக்கு ஓர் அட்டை. என் பெரியம்மாவை அழைத்து வந்தேன். பெரியம்மா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். எங்கள் தோட்டத்தில் என் வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் மூன்று மாதம் தலைக்கு ஊற்றியது அவர் கைதான். அவரிடம் ஒரு தலையணையைக் கொடுத்து, "இதுதான் பிள்ளை, இதற்குள் குளிப்பாட்டுங்கள்" என்றேன்.

கைப்பிள்ளையை நம்மவர்கள் எப்படிக் குளிப்பாட்டுவார்கள் என்று கட்டடக் கலைஞருக்குத் தெரியுமோ தெரியாது, அதனால் சொல்கிறேன். பாட்டி தாழ்வான மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒட்டி நீட்டுவார். பிள்ளையை அந்தக் கால்களின் மேல் படுக்க வைப்பார். தலை முழங்காலுக்குப் பக்கம், கழுத்துக்குக் கை. எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் நீவி, பிறகு குப்புறப் போட்டு முதுகுக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றுவார். பக்கத்தில் ஒரு வெந்நீர் வாளி, ஒரு பச்சைத் தண்ணீர் வாளி, விளாவுவதற்கு ஒரு சொம்பு, துண்டோடு தயாராக நிற்கும் தாய். தண்ணீர் கால்களுக்கு நடுவே வழிந்து ஓட வேண்டும். இதற்குக் குறைந்தது ஒன்றேகால் மீட்டர் நீளமும், வாளிகளுக்கும் தாய்க்கும் இடமும் வேண்டும்.

பெரியம்மா மணையைப் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டினார். நாற்காலியில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். பாதம் இரண்டும் சாக்கட்டிக் கோட்டைத் தாண்டிக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாளிக்கு இடமில்லை. அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்ப்பா, புது வீட்டில் பிள்ளையே பிறக்காது என்று நினைத்துவிட்டார்களா?" என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்திக்கு இது ஏழாவது மாதம்.

பிறகு என் தம்பி மனைவி வந்து நின்று பார்த்தாள். சனிக்கிழமை எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியை அலச முடியுமா என்று குனிந்து காட்டினாள். தலை கைகழுவும் தொட்டியில் இடிக்கிறது. அம்மா வாக்கரோடு வந்தார். கோட்டுக்குள் நுழைந்தார், நின்றார், திரும்ப முடியாமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கு இருபது பேருக்கு மேல் அந்தச் சாக்கட்டிக் கட்டத்துக்குள் நின்று பார்த்தார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் வழி தெரிந்தது.

உங்கள் இரண்டு குளியலறைகளும் பக்கம் பக்கமாக ஒரே வரிசையில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆழம் 1.5 மீட்டர். நடுவில் இருப்பது பாரம் தாங்காத வெறும் செங்கல் சுவர். தூண்கள் எல்லாம் வெளியே இருக்கின்றன. அந்த நடுச் சுவரைச் சின்னக் குளியலறைப் பக்கம் 45 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். சின்னது 0.9 மீட்டருக்கு 1.5 மீட்டர் ஆகும். அதில் குளியல் வேண்டாம், தனிக் கழிவறையாக இருக்கட்டும். கோப்பை வைத்த தனிக் கழிவறைக்கு அதே 43ஆவது விதி கேட்பது 1.5க்கு 0.75 மீட்டர்தான். ஆகவே விதிக்குள்தான் இருக்கிறது. பெரியது 1.85க்கு 1.5 மீட்டர் ஆகும். 2.775 சதுர மீட்டர். கிட்டத்தட்ட அப்பா கட்டிய தகர மறைப்பின் அளவு. ஒரு சுவரோரம் கோப்பையை வைத்தாலும், மறுபக்கம் ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தரை காலியாகக் கிடைக்கும்.

அடுத்த நாள் சாயங்காலம் அந்த அளவில் கோடு போட்டுப் பெரியம்மாவை மறுபடி உட்கார வைத்தேன். காலை நீட்டினார். பாதத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம். வாளி இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்தன.

வீட்டின் மொத்தப் பரப்பு ஒரு சதுர அடி கூடக் கூடவில்லை. செங்கல் அதே செங்கல். மேலிருந்து கீழே இறங்கும் பெரிய கழிவுக் குழாய் அதே இடத்தில் இருக்கும், ஸ்லாப்பில் விடும் துளைகள்தான் கொஞ்சம் நகரும். அதைத்தான் ஸ்லாப் ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டும் என்கிறேன். பிறகு என்றால் கான்கிரீட்டைத் துளைத்து, பழைய துளையை அடைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஒட்டுப் போட்டு, அது ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். வீடு கைக்கு வந்த பிறகு நாங்களே மாற்றிக்கொள்ளலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த வேலைக்குக் கூலி வாங்குகிறவன் நான். அதற்கு ஒரு வீட்டுக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டே அதையும் செய்ய எங்களில் யாருக்கும் வசதி கிடையாது.

பெரிய குளியலறையின் கதவு பெரிய படுக்கையறைக்குள் மட்டுமே திறக்கும்படி வைத்திருக்கிறீர்கள். விளம்பரத்தில் அது அழகாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளில் பெரிய அறையில் படுப்பது கல்யாணமான பிள்ளையும் மருமகளும். பெரியவர்கள் மூன்றாவது அறையிலோ கூடத்திலோ படுப்பார்கள். இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் மாமியார், மகனும் மருமகளும் தூங்கும் அறைக்குள் எப்படிப் போவார்? போக மாட்டார், அடக்கிக்கொள்வார். இரண்டு கதவுகளையும் நடைக்கே திருப்பிவிடுங்கள்.

ஜன்னல் ஒன்று இருக்கிறது. அளவு விதிப்படிதான். 39ஆவது விதி 0.2 சதுர மீட்டர் திறப்பு கேட்கிறது, நீங்கள் 60க்கு 40 சென்டிமீட்டர் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது திறப்பது எல்லாரும் நடக்கும் பொது நடைபாதையில், ஒரு சராசரி ஆளின் கண் மட்டத்தில். எந்தப் பெண் அதைத் திறந்து வைத்துக் குளிப்பாள்? எல்லா வீட்டிலும் முதல் வாரமே காலண்டர் அட்டையை வைத்து மூடிவிடுவார்கள். காற்று வராது, சுவர் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைக் கூரை ஓரம் வரைக்கும் உயர்த்தினால் காற்றும் வரும், மானமும் இருக்கும். தண்ணீர் நிற்கும் நாள்களுக்கு ஒரு ட்ரம் வைக்க மூலை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 45 சென்டிமீட்டர் நகர்ந்தால் அதற்கும் இடம் வந்துவிடும்.

நீர்க்கசிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் பொறியாளருக்குத் தெரியும். ஆனால் சைட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தரையில் வாட்டர்புரூஃப் பூச்சு அடித்து, காயும் முன்னே அதன் மேல் சிமெண்டு கொட்டுவார்கள், ஏனென்றால் டைல் போடுகிறவன் காத்திருந்தால் கூலி ஓடும். பூச்சைச் சுவரில் ஏற்றாமல் தரையோடு நிறுத்திவிடுவார்கள். ஒழுகுவது எப்போதும் அந்த மூலையில்தான். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகிக் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வந்து, பேச்சே நின்றுபோன குடும்பங்களை நான் போகும் வேலையில் எல்லாம் பார்க்கிறேன். நாங்கள் ஒரே லயத்தில் அறுபது வருடம் ஒற்றுமையாக இருந்தவர்கள். ஒரு மூலைப் பூச்சுக்காக எங்களுக்குள் அந்த நிலைமை வரக் கூடாது.

"லுலுஸ் ஆகிவிட்டது" என்ற பதிலுக்கு வருகிறேன். அங்கீகாரம் கிடைத்த வரைபடத்தைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வழி இருக்கிறது. கட்டடக் கலைஞர்தான் அதைச் செய்ய வேண்டும், அவருக்கு இது புதிதில்லை. வாங்குபவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் நீங்களாகவே வரைபடத்தை மாற்றக் கூடாது என்று நாம் கையெழுத்திட்ட அட்டவணை எச் என்கிற அடுக்குமாடி வீட்டு விற்பனை ஒப்பந்தம் சொல்கிறது. அந்தச் சம்மதத்தைக் கொடுக்க நாங்கள் தயார். 48 குடும்பங்களில் 41 பேர் இந்த வாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஏழு பேர் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வேலையில் இருக்கிறார்கள், அவர்களும் அனுப்பி வைப்பார்கள். அதே ஒப்பந்தத்தில் 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இருக்கிறது என்றும் உங்கள் அதிகாரி சொன்னார். சுவர் வெடித்தால் வந்து பூசுவீர்கள், சரி. சுவர் நிற்கும் இடமே தப்பு என்றால் அதற்கு அந்த 24 மாதம் உதவாது.

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற கட்டட அளவுகளை எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரம் விரிவாகச் சொல்கிறது. தனி வீட்டுக்குள் அதெல்லாம் கட்டாயம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். கட்டாயம் என்பதற்காக நாங்கள் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் போகப்போகிறவர் வாக்கர் பிடித்து நடக்கும் எங்கள் அம்மா என்பதற்காகக் கேட்கிறோம். அவர் எழுபத்து நான்கு வயதில் முதல் முறையாகத் தன் பேரில் உள்ள ஒரு வீட்டில் குளிக்கப்போகிறார்.

ஆகவே நாங்கள் கேட்பது இது.

ஸ்லாப் ஊற்றும் வேலையை, குளியலறைப் பகுதிக்கு மட்டுமாவது, திருத்திய வரைபடம் வரும்வரை நிறுத்தி வையுங்கள். நடுச் சுவரை 45 சென்டிமீட்டர் நகர்த்தி, சின்னதைத் தனிக் கழிவறையாகவும் பெரியதைக் குளியலறையாகவும் ஆக்கி, இரண்டு கதவுகளையும் நடைப்பக்கம், வெளியே திறக்கும்படி வையுங்கள். குளியலறைக் கதவு 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். தாழ்ப்பாளை அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். வாசலில் உயரமான திண்டு வேண்டாம். தண்ணீர் வெளியே வராமலிருக்கத் தரையின் இறக்கமே போதும். ஒன்றரை மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம், அதுவும் தண்ணீர் இறங்கும் சல்லடையை நோக்கி. பல சைட்டில் எதிர்ப்பக்கம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே எழுதியே கேட்கிறேன்.

கைப்பிடிக் கம்பிகளை நீங்கள் மாட்டித் தர முடியாவிட்டாலும் பரவாயில்லை, வேண்டியவர்கள் மாட்டிக்கொள்வோம், நானே இலவசமாக மாட்டித் தருகிறேன். ஆனால் கோப்பையின் பக்கச் சுவரில், தரையிலிருந்து 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் தண்ணீர்க் குழாயைப் புதைக்காதீர்கள். துளை போடும்போது குழாய் உடைந்தால் சுவர் முழுவதையும் பிளக்க வேண்டி வரும். கழுவும் ஹோஸைக் கோப்பைக்குப் பின்னால் வைக்காமல், உட்கார்ந்தபடி எட்டும் பக்கத்தில் வையுங்கள். தரை டைலைச் சொரசொரப்பானதாக மாற்றுங்கள். ஜன்னலை உயர்த்துங்கள்.

வாட்டர்புரூஃப் பூச்சு காய்ந்த பிறகு, டைல் போடும் முன், ஒவ்வொரு குளியலறையிலும் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதியுங்கள். அந்தச் சோதனையின்போது குடியிருப்பாளர் சார்பில் இருவர் கீழ்வீட்டில் நின்று மேலே பார்க்க அனுமதி கொடுங்கள். அதில் ஒருவனாக நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இதற்கு எழுத்தில் பதில் வேண்டும், ஸ்லாப் ஊற்றும் நாளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னதாக. முடியாது என்றால் எது முடியாது, ஏன் முடியாது என்று கட்டடக் கலைஞரின் கையெழுத்தோடு தெரிவியுங்கள்.

கடைசியாக, கட்டடக் கலைஞர் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் ஃப்ளாட்டுக்கு வர வேண்டும். ஐந்து மணிக்கு மேல் என்றால் வேலைக்குப் போனவர்களும் வந்துவிடுவார்கள். மழையில் சாக்கட்டிக் கோடு அழிந்துவிட்டது. நான் மறுபடி வரைந்து வைக்கிறேன், உங்கள் அளவில் ஒன்று, எங்கள் அளவில் ஒன்று. பெரியம்மா தலையணையோடு காத்திருப்பார்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கும் டைல் தொழிலாளி,
பீடோங், கெடா